லேடீஸ் ஸ்டிக் என்று சிரித்த சடையப்பன்

கும்மிடிப்பூண்டி
ஞாயிறு காலை

என் கண்ணு நந்தினிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், ஆக்லாந்து குளிரில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருந்தால் எனக்குப் போதும். இதைப் போனில் சொன்னால் நடுவில் நீ சிரித்துவிடுவாய், என் கோபம் பாதியில் போய்விடும், அதனால்தான் கடிதம். மாப்பிள்ளை பரத் கோல்ஃப் கற்றுக்கொள்கிறார், இரண்டு ஹைப்ரிட் ஸ்டிக் வாங்கியிருக்கிறார், அது சரியா என்று அத்தையைக் கேட்கச் சொன்னார் என்றாயே. பத்தொன்பது வருஷமாக ஊராரின் கோல்ஃப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேடியாக நடக்கிறேன், என்னிடம் யோசனை கேட்ட முதல் ஆம்பளை அவர்தான். இங்கே இருப்பவர்களுக்குச் சொன்னாலும் காதில் ஏறாது.

போன மாதம் கம்பெனிகளுக்குள் போட்டி நடந்தது. நான் பை தூக்க வாய்த்தவர் சடையப்பன், அப்பா வேலை பார்க்கிற ரோலிங் மில்லின் முதலாளி. குனிந்து ஷூ லேஸ் கட்டினாலே மூச்சு வாங்கும், ஆனால் கையில் த்ரீ அயன்தான் இருக்க வேண்டும். தகடு மாதிரி மெல்லிய இரும்பு அது, வேகமாகச் சுழற்றி நடு முகத்தில் பட்டால்தான் பந்து எழும்பும், அந்த வேகம் இவருக்கு இருபது வயதில்கூட இருந்திருக்காது. பதினாலாவது குழியில் தண்ணீரைத் தாண்டி நூற்று அறுபது கெஜம், அந்தப் பக்கம் குழியைச் சுற்றியிருக்கிற புல்தரை, கிரீன் என்பார்கள், காய்ந்து சிமெண்ட் தரையாகக் கிடந்தது. அவர் பையிலேயே ஒரு செவன் வுட் இருந்தது, மருமகன் கொடுத்த பரிசு, பிளாஸ்டிக்கூடப் பிரிக்கவில்லை. தலை உருண்டு, முகம் கொஞ்சம் வானத்தைப் பார்த்திருக்கும், சுமாராக அடித்தாலும் பந்து உயரப் போய் மெதுவாக இறங்கும். அதை எடுத்து நீட்டினேன். "இன்னாம்மா, லேடீஸ் ஸ்டிக்கை நீட்டுற? நான் இன்னா சேலை கட்டிக்கினா வந்திருக்கேன்?" என்றார், கூட இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பெயிண்ட் கம்பெனி வசந்தகுமார் ஹைப்ரிட்டால் அடித்தார், பந்து வழக்கம்போல இடது பக்கம் வளைந்து புதருக்குள் போயிற்று, அவர் எப்போதும்போலப் புதரைத் திட்டினார். சடையப்பன் அடித்த முதல் பந்து தண்ணீரில், இரண்டாவதும் தண்ணீரில், மூன்றாவது தவளை மாதிரி தத்திக் கிரீனைத் தாண்டி ஓடியது. ஆட்டம் போச்சு.

தோற்றவர் சும்மா போகவில்லை. நான் தூரத்தைத் தப்பாகச் சொன்னேன், இனிமேல் என்னை உள்ளே விடக்கூடாது என்று கிளப் செக்ரட்டரி மெர்சி மேடத்திடம் புகார். மேடம் நல்லவர்தான், ஆனால் பயந்தவர், ஒரு சாரி சொல்லிவிடு என்றார். அப்பாவோ, "கம்முனு சொல்லிட்டு வா, என் வேலைக்கும் சேத்து வேட்டு வெச்சிடாதே" என்றார். எனக்கு மனசு வரவில்லை நந்தினி, காலால் அளந்த தூரம் அது. மறுநாள் அதே பதினாலாவது குழியில் எல்லார் முன்னாலும் சொன்னேன், "தூரத்தை அளந்து பாருங்க மேடம். தப்புன்னா இப்பவே போய்க்கினே இருக்கேன். சரின்னா சார் அந்த லேடீஸ் ஸ்டிக்கை எங்கிட்ட குடுக்கட்டும், அடிச்சுக் காட்டுறேன்." மேடம் தூரம் அளக்கிற கருவியில் பார்த்தார், நூற்று அறுபத்தொன்று. சடையப்பன் இளித்துக்கொண்டே பையைக் காட்டினார். பிளாஸ்டிக்கை நான்தான் கிழித்தேன். பம்ப் ஹவுஸ் பின்னால் வெறும் மண்ணில், உடைந்த ஸ்டிக்கை வைத்து நாங்கள் அடித்துப் பழகுவோமே, அவ்வளவுதான் என் படிப்பு. பலத்தைக் காட்டாமல் புல்லைப் பெருக்குவது மாதிரி வீசினேன். பந்து உயர எழும்பி, தண்ணீரைத் தாண்டி, கிரீனில் இறங்கி இரண்டு அடி உருண்டு நின்றது. "காத்து ஹெல்ப் பண்ணிச்சு" என்றார் சடையப்பன். கொடி ஈரத்துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பா ஒரு வாரம் சோறு சரியாகச் சாப்பிடவில்லை, வேலை போய்விடும் என்று. ஒன்றும் நடக்கவில்லை. தன் மில்லில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்தால்தானே? இப்போது செவன் வுட்டைக் கையை விட்டு இறக்குவதில்லை, பாங்காக்கில் ஒரு கோச்தான் அதை எடுக்கச் சொன்னாராம். வாராவாரம் என்னைத்தான் கேட்கிறார். முடியாது என்று சொல்லிவிட்டேன், டாக்டர் வினோதாவின் பையைத் தூக்குகிறேன்.

மாப்பிள்ளையிடம் ஒரு ஹைப்ரிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் செவன் வுட் வாங்கச் சொல். எதிர்க்காற்றில் மட்டும் அது மேலே ஏறித் தொங்கும், அங்கே காற்று அதிகம் என்கிறாய், அதனால் இன்னொரு ஹைப்ரிட் இருந்துவிட்டுப் போகட்டும். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும், அவர்கள் பந்து எங்கே போகிறது என்று மட்டும் பார்க்கச் சொல். நீ இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதே. இரண்டு பேரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள்.

கமிட்டியில் பேசி மெர்சி மேடம் ஒரு காரியம் செய்திருக்கிறார். திங்கட்கிழமை காலையில் பெண் கேடிகளும் ஆடலாம். முதல் திங்களில் நாலு பேர் போனோம். என் பெயர் எழுதின முதல் ஸ்கோர் கார்டை இதோடு வைத்திருக்கிறேன், பத்திரமாக வை. நூற்றுப் பதினேழு அடித்திருக்கிறேன். அது நல்ல எண்ணிக்கை இல்லை என்று மாப்பிள்ளைக்குத் தெரியும், உனக்குத் தெரிய வேண்டாம்.

ஆசிகளுடன்
உன் அம்மா
குணசுந்தரி