ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவள்

குட்டிம்மா,

கால் தேவலை. லீவு போட்டுக்கொண்டு வராதே.

நீ அனுப்பிய கச்சேரிப் படம் பார்த்தேன். பாட்டு பிரமாதம். ஆனால் கேமரா ஏன் பாடுகிறவனை விட்டுவிட்டு, குதிக்கிற கூட்டத்தையே காட்டித் தொலைக்கிறது? நிறுத்தச் சொன்னேன். "பாட்டுதானே சார், ஓடட்டும்" என்று நர்ஸம்மா ரிமோட்டை டிவி பக்கத்திலேயே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். படம் முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடியது. அதையும் பார்த்தேன்.

என் பழைய ஐரோப்பியப் படங்களே தேவலை. ஒருத்தி படம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாளே, ஞாபகமிருக்கிறதா? "எழுந்து வெளியே போனா என்னவாம்ப்பா?" என்று கொட்டாவி விடுவாய். உனக்குப் பொறுமை போதாது என்பேன்.

என் நாற்காலியையும் ஜன்னலோரம்தான் போட்டிருக்கிறார்கள். நல்ல வெளிச்சம்.

அவளும் யாருக்காவது, கால் தேவலை என்றுதான் எழுதியிருப்பாள்.

அப்பா