நண்டரசன் போரும் செல்வதுரை அண்ணனின் தண்ணீர்ப் பானைகளும்

6 செப்டம்பர் 1975, சனி

நண்டரசனின் இடது கொடுக்கை இன்று முறித்துவிட்டோம். முறித்தது இன்பமணியின் யாளி. உருட்டின சோழியில் ஒன்றைத் தவிர எல்லாம் மல்லாந்து விழ, அவள் பெஞ்சு மேல் ஏறி ஆடியேவிட்டாள். காலையில் ஏஜென்சி ஆபீஸில், எனக்குப் பக்கத்து டைப்ரைட்டரில், வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள் இவள்தான் என்றால் யார் நம்புவார்கள்?

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நான் அவளுக்குச் சொன்ன கதைதான் வளர்ந்து இப்படி ஓர் ஆட்டமாக ஆனது. கதை சொல்வது நான். என்ன செய்வது என்று முடிவெடுப்பது மற்ற மூன்று பேர். நடந்ததா இல்லையா என்று சொல்வது சோழி: மல்லாந்தால் நடந்தது, குப்புற விழுந்தால் கெட்டது. பாங்க் கிளார்க் சங்கரலிங்கம் எங்கள் ராஜா. ஆற்றங்கரை வயக்காட்டுப் பிள்ளை, ராஜாவானதும் முதல் கட்டளையாக விருந்து வைக்கச் சொன்னான். ஹார்பரில் சரக்கு எண்ணும் ரோச், பறக்கும் தோணிக்குத் தலைவன். அவன் வீட்டில் நிஜமாகவே தோணி உண்டு, பறக்காது.

ஆட்டச் சத்தம் கேட்டு, இந்த ஞாயிறு பள்ளி ஹாலைப் பார்த்துக்கொள்ளும் சர்ச் செக்ரட்டரி ஜீவமணி அண்ணாச்சி வந்துவிட்டார். “நாலு பேருக்கு ஒரு ஹாலா? பாட்டுக் குழு வராந்தாவுல நிக்கி. அஞ்சு பேராவது இருந்தாத்தான் கமிட்டில ஒரு சங்கம்னு சொல்ல முடியும். இல்லன்னா அக்டோபர் கமிட்டியோட சாவியக் குடுத்துருங்க.”

வாரம் முழுக்க இன்வாய்ஸ் அடிக்கிற எனக்கு இருப்பது இந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம். அதையும் பிடுங்கினால் எப்படி?

8 செப்டம்பர், திங்கள்

ஐந்தாவது ஆள் கிடைத்துவிட்டார். இன்பமணியின் அண்ணன் செல்வதுரை. பட்டாளத்தில் ரேஷன் வண்டிப் பிரிவில் இருந்தவர். பாகிஸ்தான் சண்டையெல்லாம் முடிந்து, போன வருஷம் விலகி வந்து ஹார்பர் ஸ்டோரில் வேலை பார்க்கிறார். “அவன் வாயே திறக்க மாட்டான்ளா, வீட்டுலயும் அப்படித்தான். தலைக்கணக்குக்கு உக்காந்திருந்தாப் போதும்லா,” என்றாள். போதும், போதும். எனக்குத் தலை இருந்தால் போதும்.

13 செப்டம்பர், சனி

வாயைத் திறந்துவிட்டார்.

ராஜாவின் படை மணல்காடு தாண்டி நண்டரசன் கோட்டை வாசலுக்கு வந்து நின்றது. நான் குரலை உயர்த்தி, முரசு கொட்டி (மேஜைதான்), “தாக்குங்கள்” என்று சொல்லப்போகிற நேரம். அதுவரை சுவரோரம் உட்கார்ந்திருந்த செல்வதுரை அண்ணன், “இந்த ஆயிரம் பேரும் நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டாங்க?” என்று கேட்டார்.

ஆயிரம் பேரை உண்டாக்கின எனக்கே தெரியவில்லை.

“தண்ணி எங்கன எடுத்தாங்க? மணக்காட்டுல கிணறு இருக்கா? அந்தத் தோணி பறக்குதுங்கிய, எம்புட்டு பாரம் ஏத்தும்?”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சங்கரலிங்கம் மட்டும், “சாப்பாடுன்னா அண்ணாச்சி சொல்லுதது சரிதான்,” என்றான்.

20 செப்டம்பர், சனி

இன்று முழுக்கப் படை கோட்டை வாசலைத் தாண்டவில்லை. நண்டரசன் கோட்டை இல்லை, எங்கள் கோட்டை; சாமான் எடுக்கப் படையைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார் செல்வதுரை அண்ணன். பானைகளை எண்ணினோம். அவல் எண்ணினோம். யாளி ஒரு வேளைக்கு எத்தனை பானை குடிக்கும் என்று ஒரு மணி நேரம் பேசினோம். ராஜா குறட்டை விட்டார்.

“ஆபீஸ்ல செய்யுத வேலையத்தான் இங்கனயும் செய்யுதேன்,” என்றான் ரோச். “அங்கனயாவது சம்பளம் உண்டு.”

22 செப்டம்பர், திங்கள்

இன்பமணி இனி வரமாட்டாளாம். பானை எண்ணினது போதும், ஒன்று அண்ணன், இல்லை நான் என்கிறாள். போச்சு.

27 செப்டம்பர், சனி

அவள் வரவில்லை. ஜீவமணி அண்ணாச்சி ஜன்னலில் எட்டிப் பார்த்து எங்களை எண்ணிவிட்டுப் போனார். நாலு விரல்தான் மடங்கியது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மற்றவர்கள் போனதும் செல்வதுரை அண்ணனிடம் நேராகவே கேட்டேன். “அண்ணே, நீங்க சொல்லுதது எல்லாம் சரி. ஆனா ஒருத்தருக்கும் ருசிக்கல. கொஞ்சம் விட்டுக்குடுத்தா என்ன?”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “தண்ணியில்லாம ஆள் நடக்குதுன்னு சொன்னா பொய்யாத் தெரியுது ஜெயா. பொய்யில எனக்கு விளையாட வரல.”

“யாளி மட்டும் பொய்யில்லையா?”

“யாளி இருந்துட்டுப் போகட்டும். அதுவும் தண்ணி குடிக்கும்லா.”

வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன். மனுஷன் யாளியை நம்புகிறார்! நம்புகிறதனால்தான் அதற்குத் தாகம் எடுக்குமே என்று கவலைப்படுகிறார். எங்களில் யாராவது அந்த யாளியை இந்த அளவுக்கு நம்பினோமா?

அப்படியானால் தப்பு தண்ணீரில் இல்லை, எண்ணிக்கொண்டே இருப்பதில். இனிமேல் கூட்டல் பெருக்கல் கிடையாது. என்ன எடுத்துப் போகிறோம் என்று ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். எதையாவது மறந்திருந்தால், அது எந்த இடத்தில் எப்படிக் கழுத்தை அறுக்கும் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே சோழி பேசட்டும். ஐயோ, இது எனக்கு ஏன் முன்னாலேயே தோன்றவில்லை? தலையணையைக் கட்டிக்கொண்டு உருண்டேன்.

29 செப்டம்பர், திங்கள்

இன்பமணியின் காலில் விழாத குறை. “சாமான் எல்லாம் உன் அண்ணன் பொறுப்பு. அவர் எதையாவது மறந்தார்னா நீ வாய்விட்டுச் சிரிக்கலாம், நான் தடுக்க மாட்டேன்,” என்றேன். வருகிறாளாம், அவர் மறக்கிறதைப் பார்க்க.

4 அக்டோபர், சனி

எழுத முடியவில்லை, இன்னும் விலா வலிக்கிறது.

மணல்காட்டில் கிணறு கிடையாது என்று நான் சொன்னேன். செல்வதுரை அண்ணன் யோசித்து, “பனங்காடு இருக்கும்லா? விடியுமுன்ன பதநீர் இறக்கி எல்லாப் பானையிலயும் ரொப்பிக்கிடுவோம். தாகமும் தீரும், தெம்பும் வரும்,” என்றார். அருமையான யோசனை. எல்லாரும் தலையாட்டினோம். படை கிளம்பியது. வெயில் ஏறியது. சாயங்காலம் படை பானையைத் திறந்தது.

நான் மெதுவாகக் கேட்டேன். “அண்ணே, பானைக்குள்ள சுண்ணாம்பு தடவுனியளா?”

அவர் முகம் போன போக்கு. உடன்குடியில் பிறந்தவர். பனைக்குக் கீழேயே வளர்ந்தவர். சுண்ணாம்பு தடவாத பானையில் பதநீர் சாயங்காலத்துக்குள் என்ன ஆகும் என்பது அவர் ஊரில் தவழ்கிற பிள்ளைக்கும் தெரியும்.

“ஏலே,” என்று தனக்குத்தானே சொன்னார். “அம்புட்டும் கள்ளு.”

சோழியை உருட்டினேன். எல்லாம் குப்புற. ஆயிரம் பேரும் போதை. யாளி எட்டுப் பானை குடித்துவிட்டு நண்டரசன் கோட்டை மதிலில் சாய்ந்து, காவல் நிற்கிற நண்டிடம் குடும்ப விஷயமெல்லாம் பேசியது. ராஜா கிரீடத்தை அடகு வைத்தார். ரோச்சின் தோணி வானத்தில் வட்டம் சுற்றியது, ஓட்டுகிறவனே இல்லாமல். இன்பமணி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துத் திரும்பினாள், சிரிப்பை அப்படியே நிறுத்தினாள். அவள் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல், குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“பட்டாளத்துலயிருந்து வந்த பெறகு இப்பத்தான் சிரிக்கான்ளா,” என்று என் காதில் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்தா ஜீவமணி அண்ணாச்சி உள்ளே வர வேண்டும்? அந்த நேரம் பார்த்தா சங்கரலிங்கம், “அம்புட்டுப் பேரும் கள்ளு குடிச்சிட்டு விழுந்து கெடக்காங்க அண்ணாச்சி,” என்று விளக்கம் சொல்ல வேண்டும்? ஊரெல்லாம் மதுவிலக்கு. இது ஞாயிறு பள்ளி ஹால்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை கமிட்டி. அங்கன பேசிக்கிடுதேன்,” என்று போய்விட்டார்.

ஹால் போனது போனதுதான். ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை. வெட்கங்கெட்ட சிரிப்பு.

11 அக்டோபர், சனி

கடைசி ஆட்டம் என்றே நினைத்துப் போனேன். ஜீவமணி அண்ணாச்சி வந்து வாசலிலேயே நின்றுகொண்டார். சாட்சிக்கு வந்திருக்கிறார் என்று தோன்றியது.

கடலுக்குள் நாங்கள் பிடித்து வைத்திருந்த தீவை நண்டுகள் சுற்றி வளைத்துவிட்டன. அங்கே எங்கள் ஆட்கள் நாற்பது பேர். கொண்டுபோன அவல் தீர்ந்துவிட்டது. பாலம் இல்லை, வழி இல்லை. நான் வேண்டுமென்று வைக்கவில்லை. சோழி அப்படி விழுந்தது.

ராஜா படையெடுக்கச் சொன்னார். இன்பமணி யாளியைக் கிளப்பினாள். செல்வதுரை அண்ணன் மட்டும் அசையவில்லை.

“வண்டி போகாது,” என்றார். மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே, “சண்டையில எங்க காவல் போஸ்ட்டு ஒண்ணு இப்படித்தான் மாட்டிக்கிச்சு. ரோடு இல்ல. ரொட்டியெல்லாம் என் லாரியிலதான் இருந்துச்சு. என்கிட்டதான் இருந்துச்சு,” என்றார்.

ஆட்டத்தை நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் அந்த நாற்பது பேரும் அங்கேயே கிடப்பார்களே. அவர் மனதில் கிடப்பார்கள்.

ரோச்தான் பேசினான். “அண்ணாச்சி, என் தோணி பறக்கும்லா.”

“எடை தாங்காது. நாந்தான் அன்னைக்கே கேட்டேனே.”

“ஆள் ஏறாண்டாம்ணே,” என்றாள் இன்பமணி. “வாளும் வேலும் இறக்கிருவோம். சோறு மட்டும் போகட்டும்.”

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று சொல்ல ஆரம்பித்தார்: அவல் அடியில், கருப்பட்டி மேலே, தண்ணீர்ப் பானை நடுவில், ஆடாமல் வைக்கோல் சுற்றி. ரோச் ஒவ்வொன்றையும் ஏற்றினான். தோணி கிளம்பியது. நண்டுகள் அண்ணாந்து பார்த்தன. சோழி எங்களுக்காக விழுந்தது, தோணி இறங்கிவிட்டது.

“எல்லாருக்கும் கிடைச்சுதா?” என்று கேட்டார்.

அதற்கும் நான் சோழி உருட்டியிருக்க வேண்டும். அதுதான் விதி, நானே போட்ட விதி. உருட்டவில்லை.

“எல்லாருக்கும் கிடைச்சுது அண்ணே. வயிறார.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வாசலைப் பார்த்தேன். ஜீவமணி அண்ணாச்சி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

12 அக்டோபர், ஞாயிறு

கமிட்டி முடிந்தது. என்ன முடிவு என்று இன்னும் தெரியவில்லை.

18 அக்டோபர், சனி

பாட்டுக் குழுவுக்கு ஹாலை வெள்ளிக்கிழமை கொடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை எங்களுக்கு. குதித்ததில் செருப்பு வார் அறுந்தது.

சொல்ல வந்த ஜீவமணி அண்ணாச்சி போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “தோணில ஏத்துனது எல்லாஞ் சரி. வெறும் அவல் எத்தனை நாளைக்குத் தாங்கும்? நான் வருஷா வருஷம் கோயில் அசன விருந்துக்கு ஊருக்கே பந்தி வைக்கவன். ஆயிரம் பேருக்கு எத்தனை மூட்டை அரிசின்னு என்கிட்ட கேளுங்க,” என்றார்.

செல்வதுரை அண்ணன், “அது உக்காந்து திங்கவனுக்கு அண்ணாச்சி. நடக்கவனுக்குக் கூட வேணும்,” என்றார்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். விறகு, அண்டா, ஈர அரிசி, உப்பு. படை காத்திருந்தது. நண்டரசன் காத்திருந்தான். சங்கரலிங்கம் தூங்கியே போனான். செல்வதுரை அண்ணன் கையை ஆட்டி ஆட்டி, குரல் கம்மும் வரைக்கும் பேசினார். சாயங்காலம் ஆகிவிட்டது, இன்று ஒரு சோழிகூட உருட்டவில்லை.

இன்பமணி கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். போதும் என்று நான் வாயெடுத்தபோது, அண்ணனை விட்டுக் கண்ணை எடுக்காமலே மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.