மேலத்தெருவின் முதல் தண்ணீர்

1934 ஏப்ரல் 9, திங்கள்

இந்த ஊர்க் குழாய் நீரின் ஏகசக்கராதிபதியாகிய நேசையன் இன்றும் சிம்மாசனத்தில் அமர்ந்தேன். சிம்மாசனம் என்பது பம்ப் வீட்டில் கவிழ்த்துப் போட்ட எண்ணெய்ப் பீப்பாய். பாறையை அடித்துத் தண்ணீர் வரவழைத்தது மோசேக்கு வாழ்நாளில் இரண்டே தடவை. நான் தினமும் வரவழைக்கிறேன். எனக்கென்று வேதத்தில் ஒரு வசனம் கிடையாது.

சாயங்காலம் ஊர்க் கமிட்டி கூடியது. எஞ்சின் குடிக்கும் எண்ணெய் மாதக் கடைசிக்குள் பாதியாக வேண்டுமாம். இல்லையென்றால் கீழத்தெருக் குழாயை அடைத்துவிடுவது என்றார் பிரசிடெண்டு கிருஷ்ணமணி. "கடைசியா போட்ட குழாய்தானே வே. அதை அடைச்சா எஞ்சினுக்கு வேலை கொறயும்லா."

நான் சிரித்து வைத்தேன். சிரித்திருக்கக் கூடாது.

ஏப்ரல் 10

தூக்கம் வரவில்லை. அந்தக் குழாய் வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன் கீழத்தெருக்காரர்களை ஊர்க் கிணற்றை நெருங்க விடமாட்டார்கள். யாராவது மனமிரங்கி ஊற்றும்வரை குடத்தோடு எட்ட நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மாடு குளிப்பாட்டும் குளம். குளத்துத் தண்ணீர் குடித்துத்தான் கீழத்தெரு ஞானபாயின் இரண்டாவது பிள்ளை பேதியில் போனது. அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன்.

இப்போது அடைப்பதா? ஊர் வால்வுகளெல்லாம் என் பொறுப்பு. அடைக்கிற கையும் என் கைதானே.

ஏப்ரல் 12

எஞ்சின் ஓட்டும் சைபுதீனை அரச விசாரணைக்கு அழைத்தேன். எண்ணெய் எங்கே போகிறது?

"நான் குடிக்கேன்னு சொல்லுதியளா அண்ணாச்சி? தொட்டி நெறஞ்சாத்தான் எஞ்சினை நிறுத்த முடியும். தொட்டி நெறய மாட்டேங்கு. வெள்ளத்தை எங்கேயோ உறிஞ்சுதாங்க."

தண்ணீரைத்தான் வெள்ளம் என்கிறான். குழாய் இணைப்புகளை எல்லாம் தடவிப் பார்த்தோம். கசிவே இல்லை.

ஏப்ரல் 13

எஞ்சின் நிற்கவில்லை. என் நெஞ்சும் அதே தாளத்தில் அடிக்கிறது.

ஏப்ரல் 14

உறிஞ்சுகிறவர்களைப் பிடிக்கப் புறப்பட்டேன். கீழத்தெருக் குழாயடி காய்ந்து கிடந்தது. சொட்டு விழும் இடத்தில்கூட ஒரு சட்டி வைத்திருந்தார்கள்.

மேலத்தெருவுக்கு ஏறினேன். ஓடையில் வாத்துகள் நீந்துகின்றன. குளச்சல் துறைமுகத்தை இங்கே மாற்றிவிடலாம். கப்பல்கள் தாராளமாகத் திரும்பும். ஒரு அம்மாள் குழாய் வாயைப் புளி போட்டுத் தேய்த்தாள். பிறகு குழாயைத் திறந்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். ஏன் குடத்தை வைக்கவில்லை என்று கேட்டேன்.

"கீழத்தெரு வழியாத்தானே இந்தக் குழா வருது. அவங்க குடத்துல கோரின மிச்சம் ஓடிப் போட்டும்."

"எவ்வளவு நேரம் ஓடணும்?"

"அது மனசுக்குத் தெரியும்லா."

அடுத்து வந்தவளுக்கும் ஒரு மனசு. அவளும் தேய்த்தாள், அவளும் ஓடவிட்டாள். கமிட்டியின் எண்ணெய் முழுக்க இந்த ஓடையில்தான் போகிறது. முதலில் பேசிய அம்மாள் பிரசிடெண்டின் சம்சாரம். இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

ஏப்ரல் 16

என் அக்காள் மகள் ராகேலிடம் சொன்னேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. எனக்குச் சோறு போடும் சர்வாதிகாரியும் அவளே.

"கமிட்டியில எழும்பிச் சொல்லுங்க மாமா."

"சொன்னா, அப்போ கீழத்தெருக் குழாயை அடைச்சிட்டா யாரும் ஓடவிட மாட்டாங்களேம்பாங்க. காரணத்தை நானே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிரும்ட்டி."

"அப்போ சும்மா இருக்கப் போறியளா? திமிங்கலத்தை வேட்டியில கட்டிக் கொண்டுவந்தேன்னு சொல்லுத வாய்க்கு இது மட்டும் வராதா?"

பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

ஏப்ரல் 18

கமிட்டியில் எழுந்து நின்று திமிங்கலத்தை அவிழ்த்துவிட்டேன். நாளை முதல் மேலத்தெருவுக்கே முதல் தண்ணீர். காலையில் கீழத்தெரு வால்வை அடைத்துவிட்டு நான் மணி அடிப்பேன். எவரும் கோராத தண்ணீர் வரும். மருந்துவாழ்மலையின் மூலிகைச் சாரம் அதில்தான் இறங்குகிறது. ஓடவிட்டால் சத்தெல்லாம் ஓடைக்குப் போய்விடும். மேலத்தெரு பிடித்து முடித்த பிறகு மிச்சம் கீழத்தெருவுக்கு.

பிரசிடெண்டுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இதை ஏன்வே இவ்வளவு நாளும் சொல்லல?" மாதக் கடைசியில் எண்ணெயைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார்.

ஏப்ரல் 19

மணி அடித்தேன். மேலத்தெருவில் குடங்கள் நேராகக் குழாய்க்கு அடியில் போயின. கீழத்தெரு வெயிலேறும்வரை காத்துக் கிடந்தது.

ராகேல் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். விளக்கு ஏற்றும்போது சொன்னாள்: "தீட்டுக்கு மணி அடிச்சுப் பூசை வச்சிட்டியளே மாமா."

ஆமாம், வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 20

விடியுமுன் போய்க் கீழத்தெரு வால்வைத்தான் முதலில் திறந்தேன். ஞானபாயிடம், மணிக்கு முந்தி எல்லோரும் கோரிவிடுங்கள், வெளியே மூச்சு விடக்கூடாது என்றேன்.

"அப்போ எங்களுக்கா முதல் வெள்ளம்?"

"உங்களுக்குத்தான்."

"நல்லதுதான். அதை இருட்டுலதான் தரணுமா அண்ணாச்சி?"

குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பிறகு வால்வை அடைத்து மேலத்தெருவுக்கு மணி அடித்தேன்.

ஏப்ரல் 24

மேலத்தெரு ஓடை வற்றிவிட்டது. வாத்துகள் அகதிகளாகிவிட்டன. சைபுதீன் உச்சிப்பொழுதிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு வந்தான். "தொட்டி வழியுது அண்ணாச்சி. சத்தம் இல்லாம காது என்னமோ அடைச்ச மாதிரி இருக்கு."

சந்தோஷப்பட வேண்டும். முடியவில்லை. பம்ப் வீட்டுப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடி எட்டிப் பார்க்கிறேன்.

ஏப்ரல் 27

பிரசிடெண்டு விடியலிலேயே வந்து நின்றார். கீழத்தெரு வால்வு திறந்து கிடக்கிறது. "அங்க என்ன வே குடச் சத்தம்?"

"ராத்திரி குழாயில தங்கின பழைய தண்ணி. மூலிகை ஏறாதது. அதை இறக்கி விடுதேன்."

தலையாட்டிவிட்டுப் போனார். நான் பீப்பாய்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

ஏப்ரல் 30

எண்ணெய் பாதிக்கும் கீழே. கீழத்தெருக் குழாய் இருக்கும் என்று கமிட்டி எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டது. "இப்பத்தான் வெள்ளத்துக்கு ருசி வந்திருக்குன்னு வீட்டுல சொல்லுதா" என்றார் பிரசிடெண்டு.

எனக்கு மாலை போட்டார்கள். இருட்டுலதான் தரணுமா? — மாலைக்குள் அதுதான் குத்திக்கொண்டிருந்தது.

மே 3

இன்று வெயில் வரும்வரை வால்வைத் தொடவில்லை. நல்ல வெளிச்சமான பிறகு மணி அடித்துவிட்டு, மேலத்தெரு வால்வை மூடியே வைத்து, கீழத்தெருவுக்குத்தான் திறந்தேன். மேலத்தெருக்காரர்கள் குடத்தோடு குழாயடிக்கு ஓடி வந்தார்கள். குழாய் காற்றைத்தான் ஊதியது. சரிவில் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஞானபாய் குடத்தைச் சாவகாசமாகக் கழுவினாள், நிறைத்தாள், வெயிலில் நடந்து போனாள். அவளுக்குப் பின்னால் வரிசையில் ராகேலும் ஒரு குடத்தோடு நின்றாள்.

பிறகு மேலத்தெருவுக்கு இரண்டாம் மணி. மேலத்தெரு ஓடையைப் போய்ப் பார்க்கப் பகல் முழுக்கத் தைரியம் வரவில்லை. எஞ்சின் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமாக நின்றது.

சாயங்காலம் போனேன். பிரசிடெண்டு வீட்டு முன்னால் உள்ள குழாயடியில் மட்டும் ஓடவிட்ட ஈரம். மற்ற இடமெல்லாம் காய்ந்துதான் கிடந்தது.