எஸ்தரின் டிரில் மிஷின்

என் எஸ்தருக்கு,

இன்று ஒரு விஷயம் நடந்தது. யாரிடம் சொல்வது என்று சுற்றிப் பார்த்தேன். வீட்டில் நான் மட்டும்தான். அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் பின்வீட்டு மல்லிகா வந்து கதவைத் தட்டினாள். உன் அடக்கத்துக்குப் பிறகு நம் வீட்டுக்கு அதிகம் யாரும் வருவதில்லை. நானும் யாரையும் உள்ளே கூப்பிடுவதில்லை. வாசலிலேயே நின்று, "சார், அக்கா வெச்சிருந்த அந்த டிரில் மிஷின் இன்னும் வூட்ல கீதா?" என்றாள்.

அவள் கணவன் கோபால் ஆட்டோ கவிழ்ந்து காலை முறித்துக்கொண்டான். மாவுக்கட்டோடு பாத்ரூமில் எழுந்திருக்கப் பார்த்து ஒருமுறை வழுக்கியும் விழுந்துவிட்டான். பிடித்து எழ, சுவரில் ஒரு பைப் பொருத்த வேண்டும். "கொத்தனாரு சுத்தியால தட்னாரு. பூசின சொவரே பேத்துக்கினு வந்துச்சு சார். அக்கா இருந்திருந்தா ஒரு நிமிஷத்துல போட்டுக் குடுத்திருக்கும்" என்றாள்.

உன் தம்பி துபாயிலிருந்து மச்சானுக்கு என்று கொண்டுவந்தது அது. ஒயரே இல்லாமல் சுற்றுகிற மிஷினை அப்போது தெருவே வந்து பார்த்தது. நான் தொட பயந்தேன். நீ எடுத்துக்கொண்டாய். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நீ ஸ்டூலில் ஏறினால், ஸ்டூலைப் பிடிப்பது மட்டும்தான் என் வேலை.

பீரோவின் மேலிருந்து இறக்கி சார்ஜ் போட்டேன். சுற்றியது. ஆனால் சுவரில் வைத்து அழுத்தியதும் முனையில் செருகிய துளை போடும் பிட் அப்படியே நின்றுவிட்டது, மிஷின் மட்டும் சுற்றியது. எவ்வளவு இறுக்கினாலும் பிட் கையோடு உருவிக்கொண்டு வந்தது. மார்க்கெட் பக்கம் எலெக்ட்ரிகல் கடைக்கு எடுத்துப் போனேன். "பாரின் சரக்கு சார். பார்ட்ஸ் கிடைக்காது. பிட்டுல பேப்பர் சுத்திப் போட்டுப் பாருங்க" என்றார் கடைக்காரர். சுற்றிப் போட்டேன். பேப்பர்தான் கிழிந்தது.

இன்று காலை ஆராதனைக்குப் போகவில்லை. கோபித்துக்கொள்ளாதே. பின்வாசலில் வெளிச்சத்தில் உட்கார்ந்து, முதலில் பேட்டரியைக் கழற்றி வைத்தேன். அதைச் செய்யாமல் விரலை வைத்தால் நீ கத்துவாயே. மிஷினின் வாயை முழுக்கத் திறந்து உள்ளே பார்த்தேன். பிட்டைப் பிடிக்கிற மூன்று தாடைகளில் இரண்டு இறங்கியிருந்தன. ஒன்று மேலேயே சிக்கிக்கொண்டு நின்றது. அது இறங்காமல் எப்படிப் பிடிக்கும்?

கெரசினை இங்க் ஃபில்லரில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, பழைய டூத் பிரஷால் தேய்த்தேன். கவிழ்த்து மெதுவாகத் தட்டினேன். விரித்த பேப்பரில் பச்சைப் பொடி விழுந்தது எஸ்தர். நம் படுக்கையறைச் சுவரின் பச்சை.

நீ கடைசியாக ஓட்டை போட்டது அந்தச் சுவரில்தானே? மாத்திரை வைக்க, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை வேண்டும் என்றாய். கொடு, நான் செய்கிறேன் என்றேன். "நீங்க கோணலா போடுவீங்க அத்தான்" என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்க வாங்க நீயே போட்டாய். உனக்கு எவ்வளவு வலித்தது அன்றைக்கு? சொன்னாயா?

அந்தப் பேப்பரைப் பொடியோடு மடித்து ஓரமாக வைத்தேன். பிறகு மறுபடியும் கெரசின் விட்டேன். சிக்கியிருந்த தாடை அசைந்தது. தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தேன். மூன்றும் சேர்ந்து இறங்கின. பிட்டைச் செருகி இறுக்கி, இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.

மல்லிகா வீட்டுச் சுவரில் மிஷினை வைத்து அழுத்தினேன். முதல் ஓட்டை கோணல்தான், நீ சொன்னது சரி. மூன்றாவதில் பேட்டரி இறங்கிவிட்டது. சார்ஜ் ஏறட்டும், வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றேன். "எங்க சார் போவப் போறீங்க? அங்க யாரு கீறாங்க? ஒக்காருங்க" என்றான் கோபால். இலை போட்டார்கள். மீன் குழம்பு. பக்கத்தில் இன்னொருவர் சாப்பிடும் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டே தலையைக் குனிந்து சாப்பிட்டேன்.

சாயங்காலம் மீதி ஓட்டையையும் போட்டு, பைப்பை வைத்து ஸ்குரூ முறுக்கினேன். கோபால் அதைப் பிடித்து, ஒற்றைக் காலில் எழுந்து நின்றான். பைப் அசையவில்லை. மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டைத் திறந்து உள்ளே வந்தேன். "நல்லா நின்னுச்சா அத்தான்?" என்று கேட்க ஆளில்லை. அதுதான் தாங்கவில்லை.

கோபாலின் தங்கை கூடுவாஞ்சேரியில் புது வீடு கட்டிக் குடிபோயிருக்கிறாளாம். ஜன்னலுக்கு ஸ்கிரீன் கம்பி போட்டுக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். போகிறேன் எஸ்தர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ரயிலேறிப் போகிறேன். திரும்பி வந்து, எத்தனை ஓட்டை நேராக வந்தது, எத்தனை கோணல் என்று அடுப்படியில் நின்று உன்னிடம் வாய்விட்டே சொல்வேன். பதில் வராது என்று தெரிந்தேதான் சொல்வேன்.

உன் அத்தான்,
கிழக்குத் தாம்பரம்