தரையன்று, நீர்

பங்குனி 12, ஞாயிறு. மாத்தூர்.

கண்புரை அறுவைக்கு இணங்காத அப்பா, இன்று காலை ஏரியில் படர்ந்த ஆகாயத்தாமரையைப் புல்தரையென்று எண்ணிக் காலெடுத்து வைக்கப் போனார். "அப்பா, தரையன்று! நீர்! நீர்!" என்று கரையிலிருந்து முழங்கினேன்.

"இன்னாடா, பெத்த நைனாவ நீரு கீருன்னுகினு கீற? மருவாதியா கூப்டு!" என்று என்னை முறைத்தபடியே அடியெடுத்து வைத்து, இடுப்பளவு சேற்றில் இறங்கிவிட்டார்.

இழுத்துக் கரையேற்றினேன். அம்மா என்மீதே பாய்ந்தார். "தண்ணினு கத்துனா உன் வாயி வெந்துடுமா?"

மருத்துவரிடம் வர மறுப்பவர் அவர், குற்றவாளி நானாம்! நாளையும் ஏரிக்குப் போவாராம். தடுத்துப் பேசினேன், கைதட்டிச் சிரிக்கிறார். உடன்போவதைத் தவிர வேறு வழியில்லை. அவசரத்தில் அந்தச் சொல் வாயில் வரவேண்டுமே! படுக்கையில் அமர்ந்து "தண்ணி, தண்ணி" என்று சொல்லிப் பழகினேன்.

தாகமென்று எண்ணி, அம்மா சொம்பு நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்.