பங்கு வைத்த மருந்து

ஜெகதாப்பட்டினம்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு,

இசைவாணி எழுதுகிறேன். எல்லோரும் சுகம் என்று முதல் வரியில் எழுதிவிட்டு நாலாவது வரியில் உங்களைப் பதற வைக்க எனக்கு மனமில்லை. நானும் நம் மகன் செம்மலும் நன்றாக இருக்கிறோம். உங்கள் அக்கா மகள் ஷர்லிக்கு உடம்பு சுடுகிறது. மகள் கவலையில் மதினி ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

போன் இருக்கும்போது இவள் எதற்குத் தாளைத் தூக்கினாள் என்று நினைப்பீர்கள். நீங்கள் கடலுக்குள் போய்விட்டீர்கள், கரைக்கு வர இன்னும் நாளாகும் என்று உங்கள் ரூம் ஆள் சொல்லிவிட்டார். கரையில் இருந்தாலும் என்ன பேசிவிட முடிகிறது? உங்கள் ரிங் சத்தம் கேட்டதும் மதினி ஓடி வந்துவிடுவார். போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துக்கொண்டுதான் நம் குடும்பமே பேசும். கல்யாணமான புதிதில் நீங்கள் என்னிடம் கொஞ்சியதைக்கூட உங்கள் அக்கா கேட்டுச் சிரித்திருக்கிறார். இது அவரை வைத்துக்கொண்டு பேசுகிற விஷயம் இல்லை. குழந்தைசாமி அண்ணன் வெள்ளிக்கிழமை பஹ்ரைனுக்கு ஃபிளைட் ஏறுகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

ஊரில் வேறு விசேஷம் இல்லை. போன வாரம் இரண்டு போட் திரும்பவில்லை என்று ஊரே கரையில் நின்றது. மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்துவிட்டார்கள், இஞ்சின் கோளாறுதானாம். ஐஸ் பிளாண்ட் தெருவில் ரோடு போட்டுவிட்டார்கள். கருவாடு காயப்போடுகிற இடத்தை மழைக்கு முன்னாலேயே தெற்கே தள்ளிவிட்டார்கள், அதனால் வீட்டுக்குள் தூசி குறைந்திருக்கிறது.

ஸ்பிரே விஷயத்தை நீங்கள் போனில் பாதிதான் கேட்டீர்கள், மீதி காற்றில் போய்விட்டது. முதலிலிருந்து சொல்கிறேன். செம்மல் காலையில் தும்ம ஆரம்பித்தால் பக்கத்து வீட்டுக் கோழி எழுந்துகொள்ளும், உங்களுக்குத் தெரியும். ஷர்லிக்கும் அதே மூக்குத்தான். இரண்டும் உள்ளங்கையால் மூக்கை மேலே தள்ளித் தள்ளித் தேய்த்து, மூக்குத் தண்டில் குறுக்கே ஒரு கோடே விழுந்துவிட்டது. புதுக்கோட்டையில் காட்டியபோது டாக்டர் மோகனப்ரியா, இது அலர்ஜி என்றார். பெரிய பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மூக்கு ஸ்பிரே ஒன்று இருக்கிறது, அதைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் வளர்த்தி குறையுமா, உடம்புக்கு வேறு ஏதாவது ஆகுமா என்று ஆராய்ச்சி நடக்கிறது, சேர இஷ்டமா என்று கேட்டார். வேண்டாமென்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம் என்றும் சொன்னார். நானும் மதினியும் யோசித்து, வீடியோ எடுக்கும்போது சம்மதம் சொல்லி, கையெழுத்துப் போட்டோம்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று. சில பிள்ளைகளின் பாட்டிலில் மருந்து இருக்கும், சில பிள்ளைகளின் பாட்டிலில் வெறும் உப்புத் தண்ணீர் இருக்கும். பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான். யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். தினம் காலையில் மூக்குத் துளைக்கு ஒரு அடி, அவ்வளவுதான். மாதம் ஒரு தடவை முதல் பஸ்ஸில் கிளம்பி, அறந்தாங்கியில் மாறி, பிள்ளைகளை வெறும் வயிற்றோடு கொண்டுபோய் ரத்தம் கொடுத்து, பலகையில் குதிகாலை ஒட்டி நிறுத்தி உயரம் பார்த்து வருவோம். பாட்டில்களை நர்ஸ் பரிமளா தராசில் வைத்து, எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்.

முதல் மாதத்திலேயே செம்மலுக்குத் தும்மல் அடங்கிவிட்டது. ஷர்லிக்கு அடங்கவில்லை. அன்றைக்கு நீங்கள் கூப்பிட்டபோது மதினி அழுதது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். “அவன் பாட்டில்ல மருந்து, ஏம் பிள்ளை பாட்டில்ல வெறுந் தண்ணி. இங்கிட்டும் எங்களுக்குக் குடுத்து வைக்கல” என்று அழுதார். நீங்கள் என்ன சொன்னீர்கள், மச்சான்? “ரெண்டும் நம்ம பிள்ளைகதான. பங்கு வச்சு அடிச்சு விடு இசை, இதுக்கா அழுகுறது” என்றீர்கள். சொல்லிவிட்டு அடுத்ததாக வலை விலை கேட்டீர்கள்.

நம் வீட்டில் ஒரு நண்டு வந்தாலும் இரண்டு சட்டிக்குத்தான் போகும். நான் மறுத்திருந்தால் என்ன பெயர் வாங்கியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். முதலில் செம்மலுக்கு ஒரு துளை, ஷர்லிக்கு ஒரு துளை என்று அவன் பாட்டிலிலிருந்து கொடுத்தேன். அப்புறம் இவனுக்குத்தான் நன்றாகிவிட்டதே என்று பாட்டிலையே மதினியிடம் கொடுத்துவிட்டேன், முழுப் பங்கும் அவளுக்கே போனது. மதினி தன் பாட்டிலையும் நிறுத்தவில்லை. தண்ணீர்தானே, அடித்தால் என்ன என்று அதையும் அடித்துவந்தார். ஷர்லிக்கும் தும்மல் அடங்கிவிட்டது. பாட்டிலின் எடை ஒவ்வொரு தடவையும் சரியாக இருந்தது. செம்மலுக்குப் போக வேண்டியது ஷர்லிக்குப் போனதைத் தராசு எப்படிச் சொல்லும்? ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று கோயிலில் வைத்து மதினி என்னை நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னார். நானும் பூரித்துப் போனேன்.

போன வாரம் டாக்டர் எங்களை அவசரமாகக் கூப்பிட்டார். ஷர்லியின் ரத்தத்தில் ஏதோ ஒன்று மிகவும் குறைந்திருக்கிறதாம். சிறுநீரகத்துக்கு மேலே இரண்டு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன, காய்ச்சல் வந்தால், அடிபட்டால் உடம்பைத் தாங்கிப் பிடிக்கிற சுரப்பு அங்கேதான் உண்டாகிறது என்றார். இந்த மாதிரி மருந்து வெளியிலிருந்து கூடுதலாகப் போனால், நமக்கு என்ன வேலை என்று அவை படுத்துவிடுமாம். உயரமும் இரண்டு தடவையாக ஏறவில்லை. சொன்ன அளவுதான் கொடுக்கிறீர்களா, வேறு ஏதாவது மருந்து உண்டா என்று அமைதியாகத்தான் கேட்டார். மதினி, சொன்னதுதான், வேறெதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். செம்மலின் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தேன், அது ஏற்கெனவே மாட்டித்தான் இருந்தது.

டாக்டர் மறுபடி ரத்தம் எடுத்தார். ஸ்பிரேயை இஷ்டத்துக்கு நிறுத்திவிடாதீர்கள், சுரப்பிகள் படுத்திருக்கும்போது அதுவும் நின்றால் உடம்புக்குப் பிடிமானம் இருக்காது, மறு ரிசல்ட் வந்ததும் நான் சொல்கிறேன் என்றார். அதற்குள் பிள்ளைக்குக் காய்ச்சலோ வாந்தியோ வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்க வேண்டாம், என்னைக் கூப்பிட்டுவிட்டுக் கிளம்பி வாருங்கள் என்று நம்பரை எழுதிக் கொடுத்தார். இன்னொன்றும் சொன்னார். உங்கள் பிள்ளைகளிடம் பார்த்ததை வைத்துத்தான் நாளைக்கு எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகளுக்கு இது ஆகுமா ஆகாதா என்று முடிவு செய்வார்கள், அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன் என்றார். பஸ் அறந்தாங்கி வரும்வரை அந்தப் பேச்சுத்தான் என் காதில் ஓடியது.

இன்றைக்குச் சாயங்காலம் ஷர்லிக்கு உடம்பு சுடுகிறது.

புதன்கிழமை

மச்சான், எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று உட்கார்ந்தேன், குறையவில்லை.

காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. மதினி சிரப் கொடுத்துவிட்டு, சளிக் காய்ச்சல்தான், தெருவில் எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிறது என்கிறார். இருக்கலாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன். ஆனால் செம்மல் அவளுக்குப் பிடித்த நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினான், அவள் கையைக்கூட நீட்டவில்லை. அந்தப் பிள்ளை எப்படிக் குதிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

இன்று இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே பயந்துபோய், மதினி இரண்டு பாட்டிலையும் ஓரமாக வைத்துவிட்டாராம். அதற்குப் பிறகு ஒரு அடிகூட அடிக்கவில்லை. எதைச் செய்யாதீர்கள் என்று டாக்டர் சொன்னாரோ, அதைத்தான் செய்திருக்கிறார். டாக்டருக்குப் போன் செய்வோம் மதினி, நடந்ததை அப்படியே சொல்வோம் என்று கெஞ்சினேன். வீடியோவில் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறோம், ஏமாற்றிவிட்டோம் என்று கேஸ் போடுவார்கள், பிள்ளையைக் கொல்லப் பார்த்தவள் என்று ஊர் என்னைத்தான் பேசும் என்றார். அவர் புருஷன் தவறிய பிறகு அந்தப் பிள்ளைதான் அவருக்கு எல்லாம். பயத்தில் பேசுகிறார் என்று தெரிகிறது. கடைசியில், “நீ வாயத் தொறந்தா ஒனக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல. எந்தம்பி வந்தாலும் இதேதான் சொல்வேன்” என்றார்.

உங்களைத் தூக்கி வளர்த்தவர் அவர். நான் எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. நீங்கள் இருந்தால் நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள். இல்லை, நீங்களும் அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று சொல்லியிருப்பீர்கள். எனக்கு அதுவும் தெரியும்.

நான் நம் வீட்டுக்கும் அவர் வீட்டுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். போகும்போதெல்லாம் ஷர்லியின் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். நெற்றி சுடுகிறது, பாதம் சில்லென்று இருக்கிறது.

புதுக்கோட்டை
வெள்ளிக்கிழமை காலை

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். குழந்தைசாமி அண்ணன் திருச்சிக்குப் போகிற வழியில் இங்கே இறங்கி வாங்கிக்கொள்வார். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்றுக் காலையில் ஷர்லி வாந்தி எடுத்தாள். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்க்கிறாள், உடனே மூடிக்கொள்கிறாள். நான் மதினியிடம் எதுவும் கேட்கவில்லை. அவர் எதிரிலேயே டாக்டருக்குப் போன் போட்டேன். செம்மலின் பாட்டிலை இவளுக்குக் கொடுத்தது, எத்தனை மாதமாகக் கொடுத்தது, ஒரு வாரமாக இரண்டையும் நிறுத்தியது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தேன். அவர் திட்டவே இல்லை. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அங்கே இருக்கிற டாக்டரிடம் போனைக் கொடுங்கள், என்ன ஊசி போட வேண்டும் என்று நான் சொல்கிறேன் என்றார்.

அங்கே ஊசி போட்டு, ட்ரிப் ஏற்றி, அதே வண்டியில் புதுக்கோட்டைக்கு அனுப்பினார்கள். மதினி வழி நெடுக ஷர்லியின் பாதத்தைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. செம்மலைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

பிள்ளை தீவிரப் பிரிவில் இருக்கிறாள். மதினியை மட்டும் உள்ளே விட்டிருக்கிறார்கள். பிழைத்துவிடுவாளா என்று டாக்டரைக் கேட்டேன். சேர்க்க வேண்டிய நேரத்தில் சேர்த்துவிட்டீர்கள், இன்றைக்குப் பகல் போகட்டும் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பரிமளா நர்ஸ் என் கையில் டீயைக் கொடுத்துவிட்டு, தராசு சரியாகத்தானே காட்டியது, தராசு சரியாகத்தானே காட்டியது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போனார்.

இப்படி அவசரம் வந்தால் எந்தப் பாட்டிலில் என்ன இருந்தது என்று திறந்து பார்க்க வழி இருக்கிறதாம். சிகிச்சைக்கு வேண்டும் என்று பார்த்துவிட்டார்கள். டாக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார். இரண்டிலும் மருந்துதான், மச்சான். ஷர்லிக்கு முதல் நாளிலிருந்தே மருந்துதான் போயிருக்கிறது. மருந்துக்கு அவள் தும்மல் கேட்கக் கொஞ்ச நாள் கூடுதலாகப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். நாங்கள் பொறுத்திருந்தால் போதும். பங்கு வைத்தே இருக்க வேண்டாம்.

மதினிக்கு இன்னும் தெரியாது. பிள்ளை கண் விழித்ததும் நானே சொல்கிறேன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கண் விழித்ததும் என்றுதான் சொன்னார், நான் நன்றாகக் கேட்டேன்.

குழந்தைசாமி அண்ணன் கேட் அருகே நின்று கை காட்டுகிறார். நீங்கள் கரைக்கு வந்து இதைப் படிக்கும்போது இங்கே எல்லாம் முடிவாகியிருக்கும். எப்படி முடிந்தது என்று இப்போது எனக்குத் தெரியாது. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் போன் எனக்குச் செய்யாதீர்கள், உங்கள் அக்காவுக்குச் செய்யுங்கள். ஸ்பீக்கரில் போடச் சொல்லாதீர்கள். பங்கு வைக்கச் சொன்னது நான்தான் அக்கா என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று நீங்களாகக் கேட்காதீர்கள், அவராகச் சொல்லட்டும். சொல்லாமல் வெறுமனே அழுதாலும் போனை வைத்துவிடாதீர்கள்.

மாதா உங்களையும் கடலில் காப்பாற்றட்டும், உள்ளே இருக்கிற அந்தச் சின்ன உயிரையும் காப்பாற்றட்டும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வார்த்தையைத் தட்டாத
இசைவாணி