கிருத்திகையன்று வைஃபை

ஜூலை 18
மனைவி காமேஸ்வரிக்கு நேர்காணல் அழைப்பு. தெலுங்கிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் வேலை, வீட்டிலிருந்தபடியே. கணினியில் தேர்வு, பிறகு வீடியோவில் பேச்சு. கொடுத்த தேதிகளில் ஆடிக் கிருத்திகையைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். முருகனுக்கு உகந்த நாளாம். அன்று எங்கள் திருத்தணி மலையடிவாரத்தில் லட்சக்கணக்கானோர் செல்ஃபி அனுப்புவார்கள், போன் டேட்டா செத்துவிடும் என்றேன்.

"அதான் வீட்ல வைஃபை இருக்குதே."

இருக்கிறது. கணினியில் போன மாதம்தான் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டேன், கட்டற்ற மென்பொருள் கொள்கைப்படி. அன்றிலிருந்து அது தன் வயர்லெஸ் கார்டை அடையாளம் கண்டுகொள்வதில்லை.

ஜூலை 20
கார்டை இயக்க டிரைவர் என்ற மென்பொருள் வேண்டும். டிரைவர் இணையத்தில் இருக்கிறது. இணையத்துக்குக் கார்டு வேண்டும். சில அரசு அலுவலகங்கள் நினைவுக்கு வந்தன.

ஜூலை 22
போனைக் கேபிளில் இணைத்து, அதன் டேட்டாவில் டிரைவரை இறக்கினேன். கார்டு விழித்தது. "ஆங், வருது" என்றாள். பாராட்டு அவ்வளவே.

ஜூலை 27
'புதுப்பிப்புகள் உள்ளன' என்றது திரை. தேர்வுக்கு முன் எல்லாம் புதிதாக இருக்கட்டுமே என்று அழுத்தினேன். லினக்ஸ் புதிதானது. பழையதற்காகச் செய்த டிரைவரை அது மதிக்கவில்லை. கார்டைக் காணோம். ஏன் கைய வச்சேன்? நல்லாத்தானே இருந்துச்சு—

ஜூலை 28
ஆடிப் பரணி. நாளை கிருத்திகை, தேர்வு. காவடிகள் வந்தாயிற்று. போன் டேட்டாவில் டிரைவர் துளித்துளியாக இறங்கி, நின்றுவிட்டது. வாசலுக்கும் மேசைக்குமாக நடக்கிறேன்.

"உக்காருங்களேன், எனக்குத் தல சுத்துது."

அரக்கோணத்திலிருக்கும் தன் தம்பி கிரிதரைப் பலமுறை முயன்று போனில் பிடித்தாள். "காலைல வரேன்டா. உன் கம்ப்யூட்டர யாரும் தொடக்கூடாது." என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

ஜூலை 29
ஊரெல்லாம் திருத்தணிக்கு வர, நாங்கள் எதிர்த்திசையில். ரயிலில் தாராளமாக இடம்.

கிரிதர் கதவைத் திறந்ததும், "இன்னா பாவா, போன்ல வீட்டு வைஃபைய போட்டு, அத்தயே கேபிள்ல குடுத்திருந்தா நெட்டு வந்துகினு இருக்குமே!"

காமேஸ்வரி என்னைத் திட்டவில்லை. பயமாக இருந்தது.

தேர்வை நன்றாக எழுதினாள். வீடியோ பேச்சின் கடைசியில், வீட்டு இணையத்தை நம்பலாமா என்று கேட்டார்களாம். அவளுக்குப் பொய் வராது.

ஆகஸ்ட் 6
வேலை கிடைத்துவிட்டது. சென்னை அலுவலகத்துக்கு வந்து செய்ய வேண்டுமாம்.

செப்டம்பர் 2
கார்டு ஒழுங்காக இருக்கிறது. நான் எதையும் அழுத்துவதில்லை.

சென்னை விடுதி அறையிலிருந்து வீடியோவில் வந்தாள். "சாப்டிங்களா?" என்றாள். பின்னால் ஒரு ஜன்னல். எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்டேன். "இருங்க, பாத்துட்டு வரேன்" என்று எழுந்து போனாள்.

காலி நாற்காலி மிகத் தெளிவாகத் தெரிந்தது.